ஏரிக் கடம்பும் எழுதும் தாளும்

ஐப்பசித் திங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தொண்டை நாட்டு ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்புகின்றன. செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்திலுள்ள வேடந்தாங்கல் ஏரியும் அவற்றுள் ஒன்று. பரப்பில் அது பெரியதன்று. ஏறத்தாழ 30 ஹெக்டேர், அஃதாவது 74 ஏக்கர் அளவினதே. அதனினும் பன்மடங்கு பெரிய மதுராந்தகம் ஏரி அண்மையிலேயே இருக்கின்றது. ஆயினும் அயல்நாட்டவரும் தேடி வந்து காண்பது இச்சிற்றேரியைத்தான். அதன் சிறப்புக்குக் காரணம் அதன் நீர் அன்று. நீரின் நடுவே நிற்கும் மரங்களே ஆகும்.

தாங்கல் என்பது தொண்டை நாட்டில் சிறிய ஏரியைக் குறித்து வழங்கும் சொல். மழைநீரைத் தாங்கி நிற்பதனால் அது தாங்கல் ஆயிற்று. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்னும் ஊர்ப்பெயர்களிலும் இச்சொல்லைக் காணலாம். வேடந்தாங்கல் என்பது வேடனுடைய தாங்கல் எனப் பொருள்படும். வேடன் பெயரைத் தாங்கிய ஊர் புள்ளினங்களுக்குப் புகலிடமாய் விளங்குவது வியப்பன்றோ!

ஏரி நிறைந்த நாளில் அம்மரங்களின் அடிப்பகுதி நீருள் மறைந்துவிடும். தழைத்த தலைப்பகுதி மட்டும் நீர்மேல் விரித்து வைத்த பசுங்குடைகள்போலத் தோன்றும். கார்த்திகை மார்கழியில் அக்குடைகள் ஒவ்வொன்றும் ஒரு குடியிருப்பாகிவிடும். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, வெண்கொக்கு எனப் பல இனப் பறவைகள் ஒரே மரத்தில் கூடு கட்டும். ஒன்றையொன்று விரட்டாமல், தத்தமக்குரிய கிளைகளில் அவை அமர்ந்திருக்கும் காட்சி, பல மாடிகளில் பல குடும்பங்கள் வாழும் கட்டடத்தை நினைப்பூட்டும். அடியில் தேங்கிய நீர், பூனையும் நரியும் நெருங்காதபடி அகழிபோலக் காவல் செய்கின்றது. பங்குனி சித்திரையில் நீர் வற்றத் தொடங்கும்போது குஞ்சுகள் சிறகு முதிர்ந்து தாய்ப்பறவைகளோடு பறந்து சென்றுவிடும். ஊசிவால் வாத்து முதலிய சில இனங்கள் வடபுலத்துக் குளிருக்கு அஞ்சி வந்து இரைதேடிச் செல்வனவேயன்றி இங்குக் கூடு கட்டுவனவல்ல.

இங்கு ஒரு வினா எழும். செங்கற்பட்டுப் பகுதி ஏரிகள் நிறைந்தது. நீர் எங்கும் உண்டு. மீனும் நத்தையும் எங்கும் உண்டு. அவ்வாறிருக்க, பறவைகள் இவ்வேரியை மட்டும் பல தலைமுறைகளாக நாடி வருவது ஏன்? மற்ற ஏரிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே மரங்கள் இல்லை என்பதே அதற்குரிய விடை. ஏரியின் உட்புறத்தில் முளைத்த மரம் அடுப்புக்கு விறகாகவோ, கலப்பைக்கு மேழியாகவோ, குடிசைக்குக் கழியாகவோ நெடுங்காலத்திற்கு முன்பே வெட்டப்பட்டுப் போயிற்று. வேடந்தாங்கலில் அம்மரங்கள் வெட்டப்படவில்லை.

அவற்றுள் முதன்மையானது கடம்பு. முருகனுக்கு உரியதெனப் புலவர் போற்றிய கடம்பு என்னும் பெயரால் வழங்கும் மரங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. ஏரியில் நிற்பது நீர்க்கடம்பு. செங்கடம்பு என்றும் கூறுவர். செந்நிறப் பூங்கொத்துகள் சரஞ்சரமாய்த் தொங்கும் இயல்புடையது. மாதக்கணக்கில் அடிமரம் நீரில் மூழ்கியிருப்பினும் அழுகாமல் நிற்கும் ஆற்றல் இதற்கு உண்டு. பின்னாளில் வனத்துறையினர் கருவேலங்கன்றுகளையும் நட்டு வளர்த்தனர்.

வேடந்தாங்கல் உழவர்களும் அடுப்பெரித்தவர்களே. அவர்களுக்கும் விறகு வேண்டும். அவ்வாறாயின் அவர்கள் கைக்கெட்டும் தொலைவில் நின்ற மரத்தை வெட்டாமல் விட்டது எதனால்? பறவைகளிடத்துக் கொண்ட அன்பு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்பு மட்டுமே காரணம் என்று கூறுவது அவர்களுடைய அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும். அவர்கள் ஒரு கணக்கை அறிந்திருந்தனர். ஆயிரக்கணக்கான பறவைகள் மரத்தில் தங்கினால் அவற்றின் எச்சம் நாள்தோறும் நீரில் விழும். அவ்வெச்சத்தில் பயிருக்கு வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுதியாக உள்ளன. எச்சம் கரைந்த நீர் மதகின் வழியே வயலில் பாயும்போது, உழவன் வண்டி கட்டி எரு அடிக்காமலே எரு வந்து சேர்கின்றது. நெல் செழித்து விளைகின்றது. இன்றைய ஆய்வுக்கூடங்கள் இந்நீரைச் சோதித்துக் கூறும் உண்மையை, அக்கால உழவர் தம் வயலின் பசுமையைக் கொண்டே தெளிந்திருந்தனர். ஒரு மரத்தை வெட்டினால் கிடைப்பது சில நாள் விறகு; விட்டுவைத்தால் கிடைப்பது ஆண்டுதோறும் எரு.

எச்சம் என்னும் சொல்லை இங்கே சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். பறவையின் கழிவும் எச்சம். எஞ்சி நிற்கும் பொருளும் எச்சம். இலக்கணத்தில் பெயரெச்சமும் வினையெச்சமும் மாணவர் அறிந்தவை. ‘வந்த’ என்னும் சொல் ஒரு பெயரை அவாவி நிற்கின்றது. ‘வந்து’ என்னும் சொல் ஒரு வினையை அவாவி நிற்கின்றது. முடிக்கும் சொல் வரும்வரையில் அவற்றின் பொருள் குறையாகவே இருக்கும். பறவையின் எச்சமும் அத்தகையதே. வயலை அடையும்போதுதான் அது முற்றுப்பெறுகின்றது. கழிவு என்று கண்ணை மூடிக்கொள்ளாமல், அது சென்று முடியும் இடம் யாது என நோக்கியதே வேடந்தாங்கல் மக்களின் நுண்ணறிவு.

இவ்வறிவு சோதனைக்குள்ளான காலமும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஆட்சி இப்பகுதியில் நிலைபெற்றது. வெள்ளைக்காரப் படைவீரர் பொழுதுபோக்காக ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊர்மக்கள் வாளாவிருக்கவில்லை. தங்கள் பயிரின் வாழ்வு பறவைகளின் வாழ்வோடு பின்னிக்கிடப்பதை எடுத்துக்காட்டி, செங்கற்பட்டுக் கலெக்டராய் இருந்த லயனல் பிளேஸ் என்பாரிடம் முறையிட்டனர். அவர் 1798-ஆம் ஆண்டில், பறவைகளைக் காத்துக்கொள்ளும் உரிமையை ஊராருக்கு அளித்து ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். கவுல் என்பது அரசினர் குடிகளுக்குத் தரும் உறுதிமொழிப் பத்திரம். மதுராந்தகத்து ஏரிகாத்த இராமர் கோயிலைப் பற்றிய செவிவழிச் செய்தியிலும் வருபவர் இந்தப் பிளேஸ் துரையே ஆவர்.

1858-ஆம் ஆண்டில் அவ்வூரார் மீண்டும் கலெக்டரின் ஆணையைப் பெற்றனர். 1936-இல் இவ்வேரி பறவைகள் புகலிடமாக அரசினரால் ஏற்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு மேலும் வலிவூட்டியது. 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் அளவுள்ள பகுதியும் காப்பு எல்லைக்குள் கொண்டுவரப்பட்டது. இவ்வெல்லையைச் சுருக்கலாம் என்ற கருத்து 2020-இல் எழுந்தபோது பலரும் அதனை எதிர்த்தனர். ஈரநிலங்களுக்குரிய ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் 2022-இல் வேடந்தாங்கல் இடம்பெற்றது.

கவுல் எழுதப்பட்டதும் தாளில். ஆணை பிறந்ததும் தாளில். சட்டம் அச்சானதும் தாளிலேயே. மரத்தைக் காக்கத் தாள் துணை நின்றது. ஆனால் அத்தாளின் பிறப்பை ஆராயப் புகுந்தால் கதை வேறாகின்றது. இன்று எழுதவும் அச்சிடவும் பயன்படும் தாளுக்கு மரமும் ஒரு முதற்பொருளன்றோ! வேடந்தாங்கல் உழவன் தன் மரத்தையும் தன் வயலையும் ஒரே பார்வையில் கண்டான். மாணவன் தன் குறிப்பேட்டை விரிக்கும்போது அதற்குரிய மரம் அவன் கண்ணில் படுவதில்லை. அஃது எங்கோ நின்றது, எவரோ வெட்டினர். கண்ணுக்குத் தெரியாத இத்தொடர்பை அறிவினால் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கின்றது.

தமிழர் நெடுங்காலம் பனையோலையில் எழுதினர். ஓலை எடுப்பதற்காகப் பனையை வெட்ட வேண்டுவதில்லை. குருத்தை விட்டுச் சில ஓலைகளைக் கழித்துக்கொண்டால் மரம் முன்போலவே நிற்கும். மறு ஆண்டும் ஓலை தரும். ஓலையைப் பதப்படுத்தி, நறுக்கி, துளையிட்டு, எழுத்தாணியால் எழுதும் உழைப்பு மிகுதியாதலின் எவரும் அதனை வீணாக்கவும் மாட்டார்கள். ஒரு சுவடி பழுதாகும் நிலையடைந்தால் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிக் காப்பர்.

காகிதமும் தொடக்கத்தில் மரத்தை அழித்துப் பிறந்ததன்று. சீன நாட்டில் கி.பி. 105-ஆம் ஆண்டளவில் சாய் லுன் என்னும் அரசவை அலுவலர் மரப்பட்டை, சணல்நார், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றை இடித்துக் கூழாக்கித் தாள் செய்யும் முறையைச் செம்மைப்படுத்தினார் என்பர். கழித்துப் போட்ட பொருள்களே அவருக்கு முதற்பொருள்களாயின என்பது கருதத்தக்கது. அம்முறை அராபிய நாடுகளின் வழியே ஐரோப்பாவுக்குச் சென்றபின்னரும், பல நூற்றாண்டுகள் கந்தலே தாளுக்கு மூலமாய் இருந்தது. நம் நாட்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் தமிழ் நூல்களை அச்சிட முற்பட்டபோது, தாள் பற்றாக்குறையைப் போக்க அருகிலுள்ள பொறையாற்றில் 1715-ஆம் ஆண்டையொட்டி ஒரு காகிதப் பட்டறை தொடங்கப்பட்டது. அப்பட்டறை நீடிக்கவில்லை, ஆனால் ‘கடுதாசிப் பட்டறை’ என்ற இடப்பெயர் நிலைத்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்தித்தாள்களும் நூல்களும் பெருகின. அத்தனைக்கும் கந்தல் போதவில்லை. 1844-இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியைச் சேர்ந்த கெல்லர் என்பார் மரக்கட்டையை நீரோடு சேர்த்துச் சாணைக்கல்லில் அரைத்துத் தாளுக்குரிய கூழ் எடுக்கும் வழியைக் கண்டார். தாள் மலிந்தது, கல்வி பரவியது. அதன் நன்மையை மறுப்பார் எவருமில்லை. மலிந்த பொருளை மதியாத வழக்கமும் அன்றுமுதல் தோன்றியது.

மரத்தினின்று தாள் உண்டாகும் முறை இது. மரத்தின் பட்டையை நீக்கி, சிறு சில்லுகளாக வெட்டி, சோடா உப்புகள் கலந்த நீரில் பெருங்கொப்பரைகளிலிட்டு மிகுந்த வெப்பத்தில் வேகவைப்பர். மரத்தில் செல்லுலோஸ் என்னும் நுண்ணிய இழைகளும், அவற்றைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பசையும் உள்ளன. வெந்தபோது லிக்னின் கரைந்து பிரிகின்றது. இழைகள் கூழாக எஞ்சுகின்றன. அதனைக் கழுவி, வெளுத்து, நீரில் மிக மெல்லியதாகக் கரைத்து, ஓடிக்கொண்டிருக்கும் கம்பிவலையின்மேல் பரப்புவர். நீர் வடிந்துபோக, இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து படலமாகும். அப்படலத்தை உருளைகளுக்கிடையே அழுத்தி, சூடேற்றி உலர்த்தினால் தாள் கிடைக்கும். இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது பெரும்பாலும் கோந்து அன்று; நீர் உலரும்போது அவற்றிடையே தோன்றும் இயற்கைப் பிணைப்பே. மீண்டும் நனைத்துக் கலக்கினால் அப்பிணைப்பு விடும். பழைய தாளைப் புதுத் தாளாக்கலாம் என்னும் செய்தி முழுவதும் இந்த ஓர் உண்மையைச் சார்ந்தே நிற்கின்றது.

வேடந்தாங்கல் ஏரிக் கடம்பை வெட்டி எவரும் தாள் செய்வதில்லை என்பதை இங்கே தெளிவாகக் கூறிவிடுதல் வேண்டும். தென்னிந்தியாவின் காகித ஆலைகள் முதலில் மலைக்காடுகளின் மூங்கிலை மிகுதியாக நம்பின. மூங்கில் வெட்ட வெட்டத் தழைக்கும். ஆதலின் அது குறையாது என்று கணக்கிட்டனர். அக்கணக்கு பல இடங்களில் பொய்த்தது. ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை அரசினர் காடுகளிலிருந்து பெறாமல், உழவர்களோடு தொடர்பு கொண்டு வளர்த்துப் பெற வேண்டும் என 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கை வற்புறுத்தியது. இன்று தமிழ்நாட்டில் கூழுக்குப் பெரிதும் பயன்படும் மரங்கள் சவுக்கும் தைலமரமுமாகும். கோவளத்திலிருந்து மாமல்லபுரத்தின் வழியாக மரக்காணம் நோக்கிச் செல்வோர் கடலோர மணலில் சவுக்குத் தோப்புகளைக் காணலாம். அச்சவுக்கு கம்பமாகவும் விறகாகவும் மட்டுமன்றிக் கூழாகவும் மாறும் இயல்புடையது.

நட்டு வளர்த்துத்தானே வெட்டுகின்றனர், அதனால் வரும் குறை யாது என்று சிலர் கேட்பர். அக்கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. நட்ட மரத்தை வெட்டுவது காட்டை அழிப்பதினும் மேலானதே. ஆயினும் தோப்பு வேறு, காடு வேறு. ஒரே இனத்தை நெருக்கி நட்டு, சில ஆண்டுகளில் அடியோடு வெட்டும் தோப்பில் நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் ஏற்ற விரிந்த கிளைகள் தோன்ற இடமில்லை. கூடு தாங்கும் மரம் பல்லாண்டுகள் நின்று முதிர வேண்டும். அன்றியும், தாளின் தேவை பெருகப் பெருகத் தோப்பின் பரப்பும் பெருகும். நிலமும் நீரும் அதற்கு வேண்டும். ஆலையில் கூழைக் கழுவவும் நீர் ஏராளமாய்ச் செலவாகும். ஆதலின் குறைவாகச் செலவிடுவதே முதல் வழியாகும்.

ஒரு டன் தாளுக்கு இத்தனை மரம் என்று சில துண்டு வெளியீடுகள் எண் கூறுகின்றன. மரத்தின் வயதையும் பருமனையும் பொறுத்து அவ்வெண் மாறுமாதலால் அதனை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. மாணவர் தாமே போடக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. அலுவலகங்களில் வழங்கும் ‘ஏ 4’ அளவுத் தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர் ஆகும். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளாயின், ஒரு தாளின் எடை 5 கிராம். ஆயிரம் மாணவர் பயிலும் ஒரு பள்ளியில், ஆண்டிறுதியில் ஒவ்வொருவர் குறிப்பேட்டிலும் அவ்வளவினதான 20 தாள்கள் எழுதப்படாமல் எஞ்சுகின்றன எனக் கொள்வோம். 20,000 தாள்கள், 100 கிலோகிராம். சோடா உப்பிட்டு வேகவைக்கும் முறையில், உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதியே கூழாகின்றது. எனவே எவரும் ஒரு சொல்லும் எழுதாத அத்தாள்களுக்காக ஏறத்தாழ 200 கிலோகிராம் உலர்ந்த மரம் செலவாயிருக்கும்.

எஞ்சிய தாள்களைப் பிரித்தெடுத்து நூலால் தைத்துக் கணக்குப் போடும் ஏடாக்குவது முற்காலத்தில் வீடுதோறும் நடந்த வேலை. ஒருபுறம் அச்சான தாளின் மறுபுறத்தில் எழுதுவதும், மேல் வகுப்புக்குச் செல்வோர் தம் பாடநூல்களை அடுத்த வகுப்பினர்க்குக் கொடுப்பதும் அக்காலத்தில் எவரும் கற்றுக்கொடுத்து வந்த பழக்கங்களல்ல. தாள் அருமையாய் இருந்தது. ஆகவே கை தானாகவே அதனைச் சேமித்தது. இன்று தாள் அருமையாய் இல்லை. கணிப்பொறி வந்தபின் தாளின் தேவை ஒழிந்துவிடும் என்று எண்ணியவர்களும் உண்டு. எழுதும் தாள் சில இடங்களில் குறைந்ததே தவிர, பொருள்களை அடைத்து அனுப்பும் அட்டைப்பெட்டியின் தேவை பெருகிவிட்டது. அட்டையும் தாளின் இனமே.

எவ்வளவு குறைத்தாலும் பயன்படுத்திய தாள் மிஞ்சவே செய்யும். அதன் எச்சத்தை முடித்துவைக்கும் வழி மறுசுழற்சியாகும்.

தமிழ்நாட்டுப் பெண்டிர் இவ்வழியை ஆலைகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். பழைய தாளைக் கிழித்து நீரில் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து உரலில் இட்டு ஆட்டுவர். வெண்ணெய்போல் மசிந்த அக்கூழைப் பானையின் புறத்தே கவிழ்த்து அப்பி வெயிலில் காயவைத்தால், உறுதியான கூடை ஒன்று கழன்று வரும். முறத்தின் இடுக்குகளை அடைக்க அதே கூழை மெழுகுவதும் உண்டு. வெந்தயத்தின் பசைத்தன்மை இழைகளைப் பிணைக்கும். அதன் கசப்புப் பூச்சிகளை அணுகவிடாது என்பது அவர்கள் கண்ட முறை. காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெருவில் நவராத்திரிக் கொலுவுக்கெனச் செய்யப்படும் பொம்மைகளில் பலவும் காகிதக் கூழால் ஆனவையே. ஏந்திப் பார்த்தால் கனமில்லாதிருக்கும் அப்பொம்மையின் உள்ளே, யாரோ படித்து முடித்த செய்தித்தாள் இருக்கின்றது.

ஆலையில் நடப்பதும் அடிப்படையில் அதுவே. பழைய தாளைப் பெருந்தொட்டிகளில் நீரோடு கலக்கிக் கூழாக்குவர். கம்பி ஊசி, நெகிழித் துண்டு முதலியவற்றைச் சல்லடைகளால் நீக்குவர். பின்னர்ச் சவர்க்காரம் போன்ற பொருளைச் சேர்த்துக் கீழிருந்து காற்றைக் குமிழிகளாகச் செலுத்துவர். மைத்துகள்கள் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே மிதந்துவரும். அந்நுரையை வழித்தெடுத்துவிட்டால் கூழ் தெளிவுபெறும். புதிதாக மரத்தை வேகவைப்பதைவிட இதற்கு ஆகும் நீரும் எரிபொருளும் குறைவு.

கரூர் மாவட்டம் புகளூரை அடுத்த காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் என்னும் அரசினர் ஆலை இருக்கின்றது. 1979-இல் நிறுவப்பட்டு 1984-இல் உற்பத்தியைத் தொடங்கிய இவ்வாலை, கரும்புச் சக்கையை முதன்மையான மூலப்பொருளாகக் கொண்டு அமைக்கப்பட்டது. சாறு பிழிந்தபின் எஞ்சும் சக்கையைச் சர்க்கரை ஆலைகள் தம் கொதிகலன்களில் எரித்துவந்தன. சக்கையைக் கொடுத்துவிட்டால் எரிக்க அவற்றிற்கு வேறொன்று வேண்டுமே! ஆகவே காகித ஆலையார் அதற்கு ஈடாக எரிபொருளையோ நீராவியையோ சர்க்கரை ஆலைகளுக்குக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தனர். இருபக்கமும் இழப்பில்லாத இந்த ஒப்பந்தம், வேடந்தாங்கல் உழவன் பறவையோடு செய்துகொண்ட எழுதாத ஒப்பந்தத்தை ஒத்திருக்கின்றது. சக்கையின் இழை குட்டையானதாதலால் மரக்கூழையும் ஓரளவு கலக்க வேண்டியிருக்கின்றது; மரம் அறவே வேண்டா என்று சொல்லிவிட முடியாது. பின்னாளில் அச்சுத்தாளின் மையைப் போக்கிக் கூழாக்கும் பிரிவும் அங்கு அமைக்கப்பட்டது.

மறுசுழற்சிக்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு முறை கூழாகும்போதும் இழைகள் முறிந்து குறுகுகின்றன. ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு முறை வரையிலே ஓர் இழை பயன்படும் என்பர். முதலில் வெள்ளைத் தாளாய் இருந்தது பிறகு செய்தித்தாளாகவும், அதன்பின் அட்டையாகவும், இறுதியில் முட்டை வைக்கும் தட்டாகவும் மாறிச் செல்லும். இடையிடையே புதிய இழையும் கலந்தால்தான் தாளுக்கு வலிமை இருக்கும். ஆகையால் மறுசுழற்சி இருக்கின்றது என்ற துணிவில் மிகுதியாகச் செலவிடுதல் பொருந்தாது.

இன்று இந்தியாவில் உற்பத்தியாகும் தாளிலும் அட்டையிலும் பெரும்பகுதி பழைய தாளினின்றே செய்யப்படுகின்றது என்பது பலரும் அறியாத செய்தி. அதனினும் அறியாதது ஒன்று உண்டு: அதற்கு வேண்டிய பழைய தாள் முழுவதும் நம் நாட்டில் திரளாமையால், அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் கப்பலில் வாங்கி வருகின்றனர். குப்பை என்று ஒரு தெருவில் எரிக்கப்படும் பொருளையே மற்றொரு துறைமுகத்தில் விலை கொடுத்து இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

இக்குறைக்குக் காரணம் தாள் இல்லாமை அன்று. அது தூய்மையாய் வந்து சேராமையே. காய்கறிக் கழிவோடும் குழம்போடும் கலந்து நனைந்த தாளைப் பிரித்தெடுப்பது அரிது. ஆலை அதனை ஏற்பதில்லை. எண்ணெய் படிந்த பலகாரத் தாளும், மெழுகோ நெகிழியோ பூசிய குவளையும், கடைகளில் சூட்டினால் எழுத்துப் பதியும் வழவழப்பான பற்றுச்சீட்டும் கூழுக்கு ஆகா. எழுதிய குறிப்பேடு, செய்தித்தாள், அட்டைப்பெட்டி ஆகிய மூன்றையும் நனையாமல் தனித்தனியே கட்டி வைத்தால், மிதிவண்டியில் கூவிக்கொண்டு வரும் பழைய தாள் வியாபாரி எடை போட்டு வாங்கிச் செல்வார். அவரிடமிருந்து மொத்த வணிகரிடமும், அவரிடமிருந்து ஆலைக்கும் அது போய்ச் சேரும். வெள்ளைத் தாளுக்கு ஒரு விலையும் அட்டைக்கு ஒரு விலையுமாகத் தரம் பிரிக்கும் அவ்வியாபாரியின் கை, இத்தொழிலில் ஆலையின் எந்திரத்திற்கு இளைத்ததன்று.

கூழுக்கு ஆகாத தாளிலும், மெழுகும் நெகிழியும் பூசாமல் உணவுக் கறை மட்டும் படிந்ததைக் கிழித்து, காய்ந்த சருகோடு சேர்த்து எருக்குழியில் இடலாம். மரத்தின் இழையே ஆதலின் அது மண்ணோடு மக்கிப்போகும். வேடந்தாங்கல் ஏரியில் எச்சத்தின் கடுமையாலும் நெடுநாள் நீரில் நிற்பதாலும் மரங்கள் சில நலிந்து பட்டுப்போவது உண்டு. அதனால் கோடையில் ஏரி வற்றியிருக்கும்போது உள்ளே மண்மேடுகள் அமைத்துப் புதிய கன்றுகளை நடுகின்றனர். கன்று நட்ட ஆண்டிலேயே அதில் நாரை வந்து கூடு கட்டிவிடுவதில்லை. மழைக்காலங்கள் பல கடந்து கிளை பருத்த பின்னரே முதற்கூடு ஏறும்.